மிச்சம் வைத்த கைப்பிடி

காசி கொண்டுவந்த மிஷின் முதல் பிடி புளியிலேயே அவன் மானத்தை வாங்கிவிட்டது. அவன் பெடலை மிதித்தான், உருளைகள் இரண்டும் எதிரெதிராகச் சுழன்றன, ஓடு நீக்கிய புளியை மங்கம்மாள் மேலே வைத்தாள். நறுக், நறுக் என்று சத்தம் வந்தது. கீழே இருந்த முறத்தில் விழுந்ததைப் புளி என்றும் சொல்ல முடியாது, கொட்டை என்றும் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து அரைபட்டுக் கருப்பாகக் கிடந்தது. காசி அதை விரலால் கிளறி, உடைந்த கொட்டைச் சில்லு ஒன்றை எடுத்து வெயிலில் காட்டினான்.

"இன்னாக்கா இது? நீ மிதிச்சா கொட்டை முழுசா வந்து வுழுதாம். நான் மிதிச்சா மாவா பூடுது. உன் கால்ல எதுனா மந்திரம் கீதா?"

மங்கம்மாள் முறத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் தட்டிவிட்டு வந்தாள்.

காரணம் அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவள் நினைப்பு. வீட்டுக்குள் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அவளுடைய பழைய மிஷின் நிற்கிறது. அதன் கீழ் உருளையில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது. காசியும் டியூப் சுற்றியிருக்கிறான். ஆனால் டியூப்புக்கும் மரத்துக்கும் நடுவில் அவள் சாமை உமியைத் திணித்திருக்கிறாள், காசி திணிக்கவில்லை. திணிக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விஷயம் அவ்வளவுதான். அந்த அவ்வளவை ஒரு வருஷமாக அவள் வாயைத் திறக்காமல் அடக்கி வைத்திருந்தாள்.

பங்குனி பிறந்தால் ஜவ்வாது மலையில் எந்த வாசலைப் பார்த்தாலும் புளிதான். ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். பெண்கள் பொறுக்கி, காயவைத்து, கட்டையால் தட்டி ஓடு நீக்குவார்கள். அதுவரை வேலை வேலையாக இருக்கும். அதன் பிறகு கொட்டை எடுப்பது இருக்கிறதே, அதை வேலை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒவ்வொரு சுளையாகக் கல்லில் வைத்து இரும்புக் கம்பியால் ஒரு தட்டு, கட்டைவிரலால் ஒரு நெம்பு. நகக்கண்ணில் புளி ஏறி விரல் வெடிக்கும். அந்த விரலோடு குழம்புக்கு உப்பு அள்ளிப் போட்டவளைக் கேட்டால் சொல்வாள்.

நாலு வருஷத்துக்கு முன் ஆடி வெள்ளிக்குப் படவேட்டுக் கோயிலுக்குப் போனபோது, கரும்புச்சாறு பிழியும் வண்டி முன்னால் மங்கம்மாள் நின்றுவிட்டாள். சாமி கும்பிட வந்தவள் சாமியை மறந்து உருளையைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்று அவள் புருஷன் கோபால்சாமி இன்றைக்கும் கேலி பேசுவான். ஊருக்குத் திரும்பியதும் அவனை உட்காரவைத்து மரத்தில் இரண்டு உருளை செதுக்கச் சொன்னாள். மேலதுக்கு வரி வரியாகப் பள்ளம், கீழது வழவழ. முதல் தடவை அவளுக்கும் கொட்டை நசுங்கத்தான் செய்தது. கீழ் உருளைக்கு டியூப் மாட்டினாள், கொஞ்சம் தேவலாம். அடியில் துணி வைத்தாள், துணி ஒரே பக்கமாகச் சுருண்டது. நெல் உமி வைத்தாள், நெல் உமி ஒன்றோடொன்று மாட்டிக் கட்டியாகிவிட்டது. ஒருநாள் சாமை குத்திக்கொண்டிருந்தபோது உமியைக் கையில் அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தாள். சாமை உமி பொடிசு, வழுக்கிக்கொண்டு ஓடும், எங்கே அழுத்தினாலும் அங்கே மட்டும் விலகிக் கொடுக்கும். அதைத் திணித்து டியூப்பின் வாயைப் பஞ்சர் ஒட்டுகிற பசையால் ஒட்டினாள். கொட்டை வந்தால் கீழ் உருளை அந்த இடத்தில் மட்டும் குழிந்து கொட்டையை வாங்கிக்கொண்டது, மேல் உருளையின் வரி சதையைப் பற்றி உரித்துக்கொண்டது. கொட்டை முழுசாகக் கீழே விழுந்தது. அன்றைக்கு அவள் ஒரு பாடு சிரித்தாள், பிறகு ஒரு பாடு அழுதாள்.

ஆனால் யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. படுதாவைக் கட்டி மறைத்துவிட்டாள்.

போன வருஷம் ஜமுனாமரத்தூரில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. அங்கே பேச வந்தவள்தான் தமிழரசி. ஆரணிக்காரி, இன்ஜினியரிங் படித்து, அதற்கென்று இருக்கும் பரீட்சையும் எழுதி, வேலூரில் காப்புரிமை ஏஜென்டாக இருப்பவள். புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் இருபது வருஷம் அதை அவருடையது என்று காத்துத் தரும் என்று அவள் சொன்னதை மங்கம்மாள் கடைசி வரிசையிலிருந்து கேட்டாள். கூட்டம் கலைந்ததும் தமிழரசியின் பின்னாலேயே போய் முந்தானையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினாள்.

தமிழரசி வீட்டுக்கு வந்து மிஷினைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டவை இவைதாம்: "வெளியில யாருக்காவது காட்டினீங்களாக்கா? யாருக்காவது செஞ்சு வித்தீங்களா? போன்ல படம் எடுத்து எங்கயாவது போட்டீங்களா?"

"ஐயோ, நான் ஏன் காட்றேன்? பக்கத்து வூட்டுக்காரிக்கே படுதாவத் தொறக்க மாட்டேன்."

தமிழரசிக்கு வாயெல்லாம் பல். "பத்துல ஒம்பது பேர் இங்கயே கோட்டை விட்டுடுவாங்க. ஊருக்கெல்லாம் காட்டிட்டு அப்புறம் வருவாங்க. காட்டிட்டா அது புதுசு இல்லைன்னு ஆயிடும். நீங்க தப்பிச்சீங்க."

கோபால்சாமியைப் பார்த்து, "அண்ணா, இதுல உங்க யோசனை எதாவது இருக்கா? இருந்தா உங்க பேரும் கண்டுபிடிச்சவங்கன்னு போடணும்" என்றாள்.

"நான் செதுக்குனேன், அவ்ளோதான். அவ இன்னா சொன்னாளோ அத்த செஞ்சேன். யோசனை பூராவும் அவுளுது" என்று அவன் ஒதுங்கிக்கொண்டான்.

அப்படி முதல் மனு போனது. அது ஒரு இடம் பிடித்து வைப்பது மாதிரி. அந்தத் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் விளக்கி முழு மனு போட வேண்டும். போடாவிட்டால் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அந்த வருஷம் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. கண்ணமங்கலத்தில் ரோட்டோரம் பட்டறை வைத்து கேட், கிரில், கலப்பைக் கொழு எல்லாம் செய்யும் காசியிடம், வெளியில் சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, எழுதி வைத்த விவரத்தை மட்டும் பார்த்து ஒரு மிஷின் செய்யச் சொன்னவள் தமிழரசி. எழுதியது சரியா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சோதனை கிடையாது. காசியும் ஆசையாகச் செய்து, தார்ப்பாய் போட்டு மூடி, குட்டியானை வண்டியில் ஏற்றி, தமிழரசியை முன் சீட்டில் உட்காரவைத்துக் காலையிலேயே மலையேறி வந்தான். வந்த லட்சணத்தைத்தான் பார்த்தோமே.

"அப்ப நான் எழுதினதுல ஏதோ விட்டுப்போச்சு" என்றாள் தமிழரசி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். "காசியண்ணா அளவு தப்பு பண்ற ஆளில்ல. அக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க மிஷின்ல இருக்கிறது எதாவது சொல்லாம விட்டுட்டீங்களா?"

"எல்லாம் சொன்னனே மேடம். மேல வரி, கீழ டியூப்பு. ரெண்டு உருளைக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்கணும். வேற இன்னா கீது?"

பொய் சொல்லும்போது மங்கம்மாளுக்கு உள்ளங்கை வேர்க்கும். சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் கேக்கறேன்னா, இது ஒரு கொடுக்கல் வாங்கல் மாதிரிக்கா. நீங்க உங்க வித்தையை முழுசா சொல்லணும். வேலை தெரிஞ்ச ஒருத்தர் அதைப் படிச்சிட்டுச் செஞ்சா அது ஓடணும். உங்களுக்குத் தெரிஞ்சதுலயே நல்ல வழியைச் சொல்லணும். அப்படிச் சொன்னாத்தான் இருபது வருஷம் தருவாங்க. பாதியை மறைச்சுட்டா, குடுத்ததையும் பின்னால ஒருத்தன் கேஸ் போட்டுப் புடுங்கிடலாம். முழு மனு போட்ட பிறகு, ஐயோ இதை மறந்துட்டேன்னு புதுசா ஒண்ணு சேர்க்கவும் முடியாது."

"அத்த யார் யார் படிப்பாங்க?"

"கொஞ்ச நாள் கழிச்சு காப்புரிமை ஆபீஸ்காரங்களே வெளியிடுவாங்க. அப்புறம் யார் வேணாலும் படிக்கலாம்."

"யார் வேணாலுமா? மேடம், ஊரக் கூட்டிப் படிச்சிக் காட்றதுக்கா நான் படுதா கட்டி வெச்சேன்?"

"படிக்கலாம். செஞ்சு விக்க முடியாது. அதுதான் காப்பு."

காப்பாம், காப்பு. மங்கம்மாளுக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. இந்த மலையிலிருந்து கீழே போன எதற்கு மலையின் பேர் மிஞ்சியது? தேன் போனது, பாட்டிலில் எவனுடைய பேரோ ஒட்டியிருக்கிறது. சாமை போனது, பாக்கெட்டில் சிரிக்கிற பெண்ணை அவள் எங்கேயும் பார்த்ததில்லை. இந்த உருளை ஒன்றாவது தன் பேரில் நிற்க வேண்டும், மலையில் மங்கம்மாள் என்று ஒருத்தி இதைச் செய்தாள் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவள் தமிழரசியின் பின்னால் ஓடினாள். முழுசாகச் சொன்னால் பேர் நிற்குமா, சொல்லாவிட்டால் நிற்குமா என்று அவளுக்குப் புரியவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவள் வீட்டில் விதையோ தானியமோ யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். ஆனால் அளந்து போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி அள்ளிக் குதிரின் அடியில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். மொத்தத்தையும் கொடுத்தால் வீட்டின் விளைச்சலே அதோடு படியிறங்கிப் போய்விடும் என்று நம்பிக்கை. மங்கம்மாள் உப்பு கடன் கொடுத்தாலும் ஒரு சிட்டிகை எடுத்துத் திரும்ப டப்பாவில் போடுகிறவள். தமிழரசி போன வருஷம் விவரம் கேட்டு எழுதியபோதும் அவள் கை அப்படித்தான் போனது. எல்லாவற்றையும் அளந்து கொடுத்தாள், உமியை மட்டும் எடுத்து உள்ளே போட்டுக்கொண்டாள். அது ஏமாற்று என்று அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கொடுக்கும் முறை அதுதானே என்று இருந்தாள்.

அந்த முறையை ஒரு தடவை மீறியவன் கோபால்சாமி. ஏழு வருஷத்துக்கு முன், மங்கம்மாள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம், கீழ்நாட்டிலிருந்து வந்த ஒருவன் நல்ல வார்த்தை நாலு பேசினான். கோபால்சாமி வீட்டில் இருந்த சிட்டான் சாமை விதையை மூட்டையோடு தூக்கிக் கொடுத்துவிட்டான். கைப்பிடி கூட எடுத்து வைக்கவில்லை. அந்த வருஷமே மழை ஏய்த்தது, முன்பே விதைத்துக் கொல்லையில் நின்றதும் கருகியது. விதை கேட்டு அவனைத் தேடிக் கீழே போனால், அதை எப்போதோ அரைத்துச் சோறாக்கித் தின்றுவிட்டதாகச் சொன்னானாம். அன்றிலிருந்து அந்த வீட்டில் சிட்டான் இல்லை. வேறு சாமைதான் போடுகிறார்கள். அதன் சோற்றை வாயில் வைக்கும் ஒவ்வொரு நாளும் கோபால்சாமிக்கு அவளிடம் ஒரு பாட்டு உண்டு. ஒரு கைப்பிடி எடுத்து வெக்கத் தெரியாத ஆம்பள என்று தொடங்கி அது எங்கெங்கோ போகும். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டுவிட்டு எழுந்து போவான். அவன் வாயிலும் எதுவும் நிற்காது என்பது ஊர் அறிந்த சேதி. அதனால் உமி விஷயத்தை அவனுக்கும் தெரியாமலே அவள் வைத்திருந்தாள்.

மதியத்துக்குச் சாமைச்சோறும் மொச்சைக்கொட்டைக் குழம்பும் வைத்தாள். காசி இரண்டு தடவை சோறு வாங்கினான். மிஷின் கெட்டாலும் அவன் பசி கெடவில்லை.

"அண்ணனையும் கேட்டுப் பாத்துட்டேன்க்கா" என்றான் வாயில் சோற்றோடு. "போன வாரம் சந்தைக்கு வந்தப்ப டீக்கடையில குந்த வெச்சேன். டீ, ரெண்டு வடை. அந்த மிஷின்ல இன்னாண்ணா சூட்சுமம்னு கேட்டேன். மனுசன் மழையப் பத்தி பேசறாரு. வடையத் துன்னுட்டு மறுபடியும் மழையப் பத்தி பேசறாரு."

"அவுருக்கு இன்னா தெரியும்?" என்றாள் மங்கம்மாள். கோபால்சாமி குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். நிமிரவில்லை.

காசி கை கழுவிவிட்டு மறுபடியும் தன் மிஷினிடம் போய்க் குந்தினான். கீழ் உருளையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தான். பிறகு சும்மா சொல்வதுபோல் சொன்னான்.

"மேடம், இது கல்லாட்டம் கீது. அதான் கொட்டை எங்கயும் ஒதுங்க முடியாம நசுங்குது. டியூப்புக்கு அடியில மெத்துனு எதுனா குடுத்தா? இந்த ஸ்பாஞ்சு கீதே, அது மாதிரி?"

மங்கம்மாள் கையிலிருந்த செம்பு நழுவிக் கீழே விழுந்தது.

"செஞ்சு பாருங்கண்ணா" என்றாள் தமிழரசி. "ஆனா ஒண்ணு அக்கா, உள்ளதைச் சொல்லிடறேன். அண்ணன் அவரா யோசிச்சு அது சரியா வந்துச்சுன்னா, அந்தப் பங்குக்குக் கண்டுபிடிச்சவர்னு அவர் பேரையும் போடணும். அது நியாயம். போடாம விட்டா அதுவே பின்னால வம்பு."

"எனக்கு பேரு எல்லாம் வேணாம் மேடம். மிஷின் ஓடுனா போதும்" என்றான் காசி. அவன் மனசில் கள்ளம் இல்லை, அது மங்கம்மாளுக்கும் தெரிந்தது. கள்ளம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள், சுலபமாக இருந்திருக்கும். கள்ளமே இல்லாதவன் தன் வழியில் நடந்து வந்து அவள் ஒளித்த இடத்தைத் தட்டப் பார்க்கிறான். ஸ்பாஞ்சில் தொடங்கினவன் பஞ்சுக்குப் போவான், பஞ்சிலிருந்து உமிக்கு வர எத்தனை நாள் ஆகும்?

"இரு தம்பி" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மேற்கே மலை இருட்டிக்கொண்டு வந்துவிட்டது. கோடை மழை இந்த மலையில் சொல்லிக்கொண்டு வராது. வாசல் முழுக்கப் புளி காய்கிறது, நனைந்தால் ஒரு வருஷப் பாடும் பூசணம் பூத்துப் போகும்.

"புளி! புளி!" என்று கத்திக்கொண்டு மங்கம்மாள் ஓடினாள். கோபால்சாமி சாக்குகளை இழுத்து வந்தான். தமிழரசி லேப்டாப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளினாள். காசி புளி காய்ந்த விரிப்பின் நாலு மூலையையும் ஒன்றாகப் பிடித்து மூட்டையாக்கித் தோளில் போட்டான். கடைசிக் கூடையைக் கோபால்சாமி வாசற்படியைத் தாண்டி வைக்கவும், ஓட்டின் மேல் மழை சடசடவென்று விழவும் சரியாக இருந்தது. காசியின் மிஷின் மட்டும் வாசலில் நனைந்தது. அதன் மேல் யாருக்கும் அவ்வளவு அக்கறை இல்லை.

வீட்டுக்குள் நாலு பேரும் புளிக்கு நடுவில் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். ஈரமண் வாசனையும் புளி வாசனையும் கலந்து வீடு நிறைந்தது. தமிழரசியின் கைகளைப் பார்த்தாள் மங்கம்மாள். புளியோட்டுச் சில்லு கிழித்து இரண்டு விரலில் ரத்தம். அவள் அதைக் கவனிக்காமல் துப்பட்டாவால் லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு என்ன வந்தது, இந்தப் புளி நனைந்தால் இவளுக்கு என்ன நஷ்டம் என்று மங்கம்மாளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அழுகை வரும்போல் இருந்தது. ஒரு வருஷமாக இந்தப் பெண்ணைத் தான் வேலூருக்கும் மலைக்குமாகப் பொய்க்கு அலைய விட்டிருப்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்தாள். அரிவாள்மனையை விட்டுவிட்டு, காய் அரியும் சின்னக் கத்தியை எடுத்தாள். சாக்குப் படுதாவை ஒரே இழுப்பில் விலக்கினாள். மிஷினின் கீழ் உருளையைக் கழற்றி, தமிழரசி முன்னால் ஒரு துண்டை விரித்து, அதன் மேல் வைத்தாள்.

"அக்கா, இன்னா பண்ற?" என்று காசி எழுந்தான்.

கத்தியால் டியூப்பை நீளவாக்கில் ஒரு கோடு கிழித்தாள். உள்ளே இருந்த உமி சளசளவென்று துண்டில் வழிந்து குவிந்தது. பழுப்பும் வெள்ளையுமாய் மின்னியது.

"உமியா?" என்றான் காசி.

"சாமை உமி. நெல்லு உமி ஆவாது, கட்டிக்கினு பூடும். துணி ஆவாது. நீ சொன்ன ஸ்பாஞ்சும் ரெண்டு நாள்ல நைஞ்சு பூடும் தம்பி. இது ஒண்ணுதான் எங்க அமுத்துனாலும் அங்க மட்டும் வெலகிக் குடுக்கும்." தமிழரசியைப் பார்த்தாள். "தப்பு பண்ணிட்டேன் மேடம். உன்னைய ஏமாத்தணும்னு இல்ல. ஒரு கைப்பிடி எடுத்து வெச்சிகினுதான் எத்தையும் குடுப்போம், எங்க வூட்டுப் பழக்கம். அது மாதிரி வெச்சிட்டேன்."

தமிழரசிக்குக் கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும்? ஆனாலும் உமியில் கையை விட்டு அளைந்தாள். சில்லென்று விரலிடுக்கில் வழிந்தது.

"இன்னும் அஞ்சு நாள் கழிச்சு சொல்லியிருந்தீங்கன்னா, அவ்வளவும் வீண் அக்கா" என்றாள். "இப்ப சேர்த்துடலாம். உமியோட பங்குக்கு முழு மனு போடற தேதிதான் கணக்காகும், போன வருஷத் தேதி இல்ல. ஆனா பரவாயில்ல. டியூப்புக்குள்ள இருந்ததால இதுவரைக்கும் யாரும் பாக்கலையே."

"யாரும் பாக்கல" என்றாள் மங்கம்மாள்.

சொல்லிவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். வாயைப் பிளந்துகொண்டு நிற்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் துண்டிலிருந்து சிதறிய உமியை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான், காலையில் வாசல் பெருக்குகிறவன் முகத்தோடு.

"உனக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும்."

"எப்டி?"

"சாமை குத்துன உமி மூலையில குமிஞ்சி கெடந்தது. ரெண்டு நாள்ல பாதியக் காணோம். மாடு துன்னுல. பஞ்சர் ஒட்ற பசை வாங்கியான்னு என்னையத்தான் அனுப்புன. வூட்ல ஓட்றதுக்கு ஒரு சைக்கிளு கீதா?"

காசி சிரித்துவிட்டான். மங்கம்மாள் சிரிக்கவில்லை.

"அப்ப போன வருசமே தெரியும். மேடம் வந்து கேட்டப்பவும் தெரியும். இந்தத் தம்பி வடை வாங்கிக் குடுத்தப்பவும் தெரியும்."

"உம்."

"ஏன்யா சொல்லல?"

கோபால்சாமி உமியை ஒதுக்குவதை நிறுத்தினான். "ஏழு வருசமா சொல்லிக் காட்றியே. ஒரு கைப்பிடி எடுத்து வெக்கத் தெரியாத ஆளுன்னு. சோத்துல கைய வெச்சா போதும், ஆரம்பிச்சிடுவ. இது ஒண்ணையாச்சும் எடுத்து வெச்சிகினு இருக்கலாம்னு பாத்தேன்."

மங்கம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஏழு வருஷத்துச் சோறும் அவள் கண்முன் வந்து நின்றது. எத்தனை கவளம் அந்த மனுஷன் இந்தப் பேச்சோடு விழுங்கியிருப்பான்! மழை கொஞ்சம் அடங்கும் வரை அவள் முகத்தை எடுக்கவில்லை. தமிழரசியும் காசியும் வெளியே பெய்யும் மழையை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா, உங்க ரெண்டு பேர் கைப்பிடியும் சேர்ந்து என் மனுவைக் கொன்னிருக்கும்" என்று தமிழரசி லேப்டாப்பைத் திறந்தாள். "சொல்லுங்கக்கா. உமி எவ்வளவு? இறுக்கமாவா, தளர்வாவா?"

மங்கம்மாள் சொன்னாள். டியூப்பைக் கிள்ளினால் விரலுக்குள் வர வேண்டும், அதற்கு மேல் அடைத்தால் கல்லாகிவிடும் என்றாள். தமிழரசி எழுதினாள், காசி இடையிடையே அளவு சொன்னான். முழு மனு போனதோடு வேலை தீராது என்பதையும் தமிழரசி சொல்லிவைத்தாள். பரிசோதனை பண்ணச் சொல்லிக் காப்புரிமை ஆபீசில் தனியாகக் கேட்க வேண்டும். அவர்கள் கேள்வி கேட்டு எழுதுவார்கள், தவணைக்குள் பதில் போக வேண்டும். எல்லாம் முடிந்து கிடைத்த பிறகும், உரிமை உயிரோடு இருக்க வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும்.

"கட்டாம வுட்டா?"

"செத்துடும். கொஞ்ச காலம் வரைக்கும் கேட்டு எழுப்பலாம், அப்புறம் அதுவும் முடியாது."

"வெதை கணக்காத்தான் கீது" என்றாள் மங்கம்மாள். "வருசம் தப்பாம மண்ணுல போட்டாத்தான் உசுரு. குதுருல பூட்டி வெச்சா மொளைக்காது. சரி, இருபது வருசம் முடிஞ்சா?"

"ஊருக்கே சொந்தம்."

அவள் விரல்விட்டு எண்ணினாள். "அப்ப எனக்கு எழுவது ஆவும். ஆவட்டும். எந்தப் பொண்ணு வேணா செஞ்சிக்கட்டும்."

தமிழரசி கடைசியாக நிமிர்ந்தாள். "அக்கா, சத்தியமா கேக்கறேன். வேற எதாவது உள்ள வெச்சிருக்கீங்களா?"

மங்கம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு ஆட்டுவதை நிறுத்தினாள்.

"உமிய ஒரு நாளு வெயில்ல காய வெக்கணும்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "பச்சையாப் போட்டா உள்ள புழுத்து பூடும்."

தமிழரசி அதையும் எழுதினாள். காசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "இப்ப அவ்ளோதான் தம்பி, சாமி சத்தியமா" என்றாள் மங்கம்மாள். அது நிஜம்தான்.

மழை விட்டது. காசி தன் மிஷினின் உருளையையும் கழற்றிக் கொண்டுவந்து துடைத்து, இங்கேயே உமி அடைத்து ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தான். மங்கம்மாள் துண்டின் மேல் குவிந்திருந்த உமியை அவன் பக்கம் தள்ளினாள். தள்ளும்போதே அவள் வலது கை தன்னால் ஒரு பிடி அள்ளி, முந்தானைப் பக்கம் போய்விட்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

"அக்கா" என்றாள் தமிழரசி.

"வெறும் உமிதான் மேடம். விசயம் உன் பொட்டியில கீது."

முந்தானையில் முடியப் போனவள் நின்றாள். மூடின கையை அப்படியே புருஷன் பக்கம் நீட்டினாள்.

"இந்தா. இத்த நீ வெச்சிக்கோ."

கோபால்சாமி இரண்டு கையையும் சேர்த்து நீட்டி வாங்கினான். தோளில் கிடந்த துண்டின் முனையில் அந்த உமியைக் கொட்டி, ஒன்றுக்கு இரண்டாக முடிச்சுப் போட்டுக்கொண்டான்.